படி ஏறாத பந்தய நாய்

நவம்பர் 14, வியாழன்

நாய் படி ஏறாது. இது உறுதியான தகவல். சொன்னவர் கால்நடை மருத்துவர் ஜெசிந்தா, தொலைபேசியில், காலை 8.10க்கு.

"பந்தய நாய்ங்க பொறந்ததுல இருந்து கொட்டகையிலயும் மைதானத்துலயும்தான் சார் இருக்கும். படின்னா என்னன்னே அதுக்குத் தெரியாது. செவுருன்னு நெனச்சுக்கும்."

எங்கள் வீட்டு மாடிக்குப் பதினைந்து படிகள். ராக்கெட் வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். முதல் படியில் முன்னங்கால்கள் இரண்டையும் வைக்கிறது. பிறகு, கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்தவனைப் போல என்னைத் திரும்பிப் பார்க்கிறது.

பின்னால் தேவைப்படலாம் என்பதால் விவரங்களை எழுதி வைக்கிறேன். ராக்கெட் ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட். ஆண். வயது ஐந்து. சாம்பல் நிறம், மார்பில் வெள்ளை. முன்னங்கால் மணிக்கட்டில் அடிபட்டதால் பந்தயம் நின்றது. உடுமலைப் பக்கம் நாய்ப் பந்தயம் விட்டுக்கொண்டிருந்த பொங்கியண்ணன் சென்ற பிப்ரவரியில் காலமானார். அவர் மகன் லோகேஸ்வரன் நாய்களை ஒவ்வொன்றாக டாக்டர் மூலம் கொடுத்துவருகிறார். அறுபது நாள் சோதனைக் காலம். அதற்குள் கொடுத்தவரும் மனம் மாறலாம், வாங்கியவரும் மாறலாம். அறுபதாம் நாள் ஜனவரி 1.

நாய் வேண்டும் என்று கேட்டது என் மனைவி ருக்மணி. நான் கேட்கவில்லை. முப்பத்தாறு வருடம் நிருபராக ஓடி, வடவள்ளியில் இந்த வீட்டு மாடி அறையில் நான்கு வருடமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு புத்தகம் எழுதுகிறேன். சாப்பாட்டுக்கு மட்டும் கீழே வருவேன். அந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

நவம்பர் 15, வெள்ளி

குக்கர் விசில். ராக்கெட் கட்டிலுக்கடியில் ஒளிந்தது. தலை மட்டும் ஒளிந்தது.

நவம்பர் 18, திங்கள்

வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறது. ஜிம்மி, பொமரேனியன், பதினோரு வயது, ஆறு கிலோ, பற்கள் பாதி இல்லை. ராக்கெட் முப்பத்தொரு கிலோ. இந்த வீட்டில் யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பதை எடையை வைத்து ஊகிக்கக் கூடாது. ராக்கெட்டின் மெத்தையில் ஜிம்மி நடுவில் படுத்திருக்கிறது. ராக்கெட் தரையில், நான்கு கால்களையும் மடித்து, கல்யாண வீட்டில் இலை கிடைக்காத உறவினரைப் போல.

காலை 7.45க்கு இட்லித் தட்டில் ஐந்து இட்லி காணவில்லை. சமையல் மேடை ராக்கெட்டின் தாடை உயரம். மேடையேற வேண்டிய அவசியமே இல்லை, நின்றபடியே சாப்பிடலாம்.

"ஜிம்மியா இருக்குமோ?" என்றேன்.

"ஆமா, ஏணி வெச்சு ஏறியிருக்கும்" என்றாள் ருக்மணி.

நவம்பர் 21, வியாழன்

எழுதும் மேசையைக் கீழே கூடத்துக்கு இறக்கினேன். மழைக்கு மாடி அறை ஒழுகுகிறது. வேறு காரணம் இல்லை.

இந்த இன நாய்களுக்கு ஒரு பழக்கம். வாலாட்டுவதோ நக்குவதோ அதிகம் கிடையாது. பக்கத்தில் வந்து நின்று, முழு உடம்பையும் நம் தொடைமேல் சாய்த்துவிடும். நாம் நகர்ந்தால் விழுந்துவிடும். ஆகவே நகர முடியாது. இன்று குளியலறைக்குப் போகும் வழியில் இருபது நிமிடம் நின்றேன்.

"தள்ளிவிட்டுட்டுப் போக வேண்டியதுதானே?" என்று ருக்மணி கேட்டாள்.

கால் மரத்துப்போயிருந்தது என்றேன். அது உண்மைதான்.

நவம்பர் 30, சனி

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்கு பக்க மாத இதழ் ஒன்று உண்டு. 'நம்ம வீதி'. ஆசிரியர் நான், செய்தியாளரும் நான், பிழை திருத்துபவரும் நான். நாளைய இதழின் நான்காம் பக்கத்தில் கால் பத்தி காலியாக இருந்தது. தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பைச் சங்கச் செயலாளர் கடைசி நேரத்தில் திரும்பப் பெற்றுவிட்டார். படத்துடன் ஒரு சிறு செய்தி போட்டு நிரப்பினேன்: 'மூன்று கோப்பைகள் வென்ற சாம்பியன் ராக்கெட் நம் வீதியில்.'

மூன்று கோப்பை என்று சொன்னவர், நாயை வேனில் கொண்டுவந்து இறக்கிய டிரைவர்.

டிசம்பர் 3, செவ்வாய்

மாடிப்படிப் பயிற்சி, முதல் நாள். மூன்றாம் படியில் பிஸ்கட் வைத்தேன். இரண்டு படி ஏறிவிட்டான். சரியாக அந்த நேரத்தில் சமையலறையில் ருக்மணி முட்டை உடைத்தாள். பயிற்சி முடிந்தது.

மழை நின்று ஒன்பது நாள் ஆகிறது என்று ருக்மணி நினைவூட்டினாள். மேசையை உடனே மேலே ஏற்ற ஆள் கிடைக்கவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

ருக்மணியின் அண்ணன் தண்டபாணி, அதாவது என் மச்சான், பக்கத்து வீதியில் இருக்கிறார். 'நம்ம வீதி' நான்காம் பக்கத்தைப் படம் எடுத்துத் தனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸப் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டார். அரிசி மண்டிக் குழு உட்பட. இன்று காலை நடையில் முன்பின் தெரியாத இருவர் ராக்கெட்டோடு படம் எடுத்துக்கொண்டார்கள். கயிறு மச்சான் கையில்.

"மாப்ள, கோப்பை மூணா, நாலா?"

"மூணு."

"நான் நாலுன்னு சொல்லிப்போட்டேன். இருக்கட்டும் விடுங்க."

டிசம்பர் 10, செவ்வாய்

லோகேஸ்வரன் பேசினார். மாலை 4.25. ஏழு நிமிடம். குறிப்பெடுத்துக்கொண்டேன்.

"அய்யா, வாட்ஸப்புல பாத்தனுங்க. அது சாம்பியன்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க. நாய் வெவகாரம் பூரா எங்கய்யன் பாத்துக்கிட்டது. நான் திருப்பூர்ல கம்பெனி வேலைக்குப் போறவன். இப்ப தாராபுரத்துக்காரர் ஒருத்தர் குட்டி எடுக்க வேணும்னு கேக்கறாருங்க. அறுபது நாள் இன்னும் முடியலீங்களே?"

"இல்லை. இருபத்திரண்டு நாள் இருக்கு."

"அப்ப மாசக் கடைசில வந்து கூட்டிக்கறனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்க ஒன்றும் இல்லை, ஒப்பந்தம் அப்படித்தான் என்றேன். ருக்மணியிடம் சொன்னபோது அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் கண் எரிந்தது. இரண்டு பேரும் வெங்காயத்தின் பக்கத்தில்தான் இருந்தோம்.

டிசம்பர் 11, புதன்

முப்பத்தாறு வருடத்தில் ஒரே ஒருவர் சொன்னதை வைத்து நான் செய்தி எழுதியதில்லை. மந்திரி சொன்னாலும் இன்னொருவரிடம் கேட்பேன். இப்போது ஒரு வேன் டிரைவர் சொன்னதை அப்படியே அச்சடித்திருக்கிறேன். தேடிப் பிடித்து அவரிடம் பேசினேன்.

"கோப்பை வாங்கின நாயா? வண்டியில நாலு நாய் இருந்துச்சுங்களே. அதுல ஏதோ ஒண்ணுன்னு சொன்னாங்க. எல்லாம் சாம்பல்தானுங்க."

விசாரித்தாக வேண்டும். தொழில் மரியாதை சம்பந்தப்பட்டது. நாய்க்காக அல்ல.

டிசம்பர் 15, ஞாயிறு

ராக்கெட் ஒரு கோப்பையும் வென்றதில்லை. உறுதியான தகவல். ஆதாரம்: ஆறுச்சாமி, ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், உடுமலை வட்டாரப் பந்தயங்களில் பதினாறு வருடமாக நேரம் குறிப்பவர், மற்றும் அவருடைய நீள நோட்டு. பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கோப்பைகள் வாங்கியது ராக்கெட்டின் கூடப்பிறந்த பெட்டை. அதே சாம்பல், அதே வெள்ளை மார்பு. வெளியூருக்கு எப்போதோ விற்றுவிட்டார்கள். ராக்கெட் ஓடியது ஒன்பது பந்தயம். ஐந்து நாய் ஓடியதில் நான்காம் இடம், இரண்டு முறை. ஐந்தாம் இடம், நான்கு முறை. மற்ற மூன்றுக்கும் வாத்தியார் நேரம் குறிக்கவில்லை. குறிப்பு மட்டும் இருக்கிறது. ஒன்றை அப்படியே எழுதிக்கொண்டேன்: 'நன்றாகக் கிளம்பினான். பாதியில் திரும்பி, அறிவிப்பாளர் மேசைக்கடியில் படுத்தான். நிழல்.'

"வேகம் இருக்குதுங்க" என்றார் வாத்தியார். "எல்லாத்தையும் முந்திக்கிட்டுக் கிளம்புவான். பாதியில, எதுக்கு இந்த ஓட்டம்னு ஒரு ரோசனை வந்துரும். எனக்கும் ரிட்டயர்டு ஆகறதுக்கு முன்னால அப்படித்தான் இருந்துச்சு."

"தோக்கற நாயை ஒன்பது தடவை ஏன் கொண்டுவந்தார்?"

வாத்தியார் சிரித்தார். "பொங்கியண்ணன் இவனை ஓட வெக்கறதுக்கா கூட்டிட்டு வந்தாரு? கூடவே வெச்சுக்கறதுக்கு ஒரு சாக்குங்க அது. மத்த நாயெல்லாம் கொட்டகையில. இவன் மட்டும் வூட்டுக்குள்ள. பேரே வேற. ராக்கெட்டுங்கறது நோட்டுல போடறதுக்கு. அவரு கூப்புடறது 'துரை'. காலுல சாஞ்சுக்கிட்டு நிப்பான். இவரும் நகர மாட்டாரு. சோடா வாங்கிட்டு வான்னு எங்களைத்தான் அனுப்புவாரு."

இதையும் எழுதிக்கொண்டேன். பிறகு பேனாவை மூடினேன். மகனுக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"அவன் எங்க வந்தான்? அய்யனும் மகனும் பேச்சுவார்த்தை கம்மிங்க. நாயை வெச்சுத்தான் சண்டையே."

டிசம்பர் 16, திங்கள்

காலை காபிக்குப் பிறகு, ருக்மணி வாசலில் இருந்த நேரம் பார்த்து, கூடத்தில் மெதுவாக, "துரை" என்றேன்.

நாற்பத்து நான்கு நாளில் முதல் முறையாக அவன் இரண்டு காதுகளும் நேராக நின்றன. எழுந்தான். என்னிடம் வரவில்லை. வாசல் வரை போய், வெளியே இரண்டு பக்கமும் பார்த்தான். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திரும்பி வந்து என்மேல் சாய்ந்தான்.

இரண்டாம் ஆதாரம் கிடைத்துவிட்டது.

டிசம்பர் 18, புதன்

திருத்தம் எழுதினேன். தனித்தாளாக அச்சடித்து எல்லா வீட்டுக்கும் போட்டாயிற்று.

'டிசம்பர் இதழில் ராக்கெட் என்ற நாய் மூன்று கோப்பைகள் வென்றதாக வெளியான செய்தி தவறு. அது பந்தயம் எதிலும் வெல்லவில்லை. ஒன்பதில் மூன்றை முடிக்கவே இல்லை. தவறுக்கு வருந்துகிறோம். - ஆசிரியர்.'

"முப்பத்தாறு வருஷத்துல மொத மொத வருத்தம் தெரிவிக்கறீங்க" என்றாள் ருக்மணி. "எனக்குக்கூடத் தெரிவிச்சதில்ல."

மச்சான் நேரில் வந்தார். "என்ன மாப்ள, மானத்தை வாங்கிட்டீங்க! மண்டிக் குழுவுல என்னைத் 'துண்டு விழுந்த சாம்பியன்'ங்கறானுங்க. உங்களுக்கு நாய் வேணும்னா சொல்லியிருந்தா, கால் சரியில்ல, குட்டி எடுக்க ஆகாதுன்னு டாக்டரம்மாகிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கியிருக்கலாமே."

பொய்ச் சான்றிதழ் வேண்டாம், நாய் வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை என்றேன். மச்சான் கீழே பார்த்தார். ராக்கெட்டின் தலை என் பாதத்தின் மேல் இருந்தது.

துரை என்ற பெயரும் பொங்கியண்ணனும் திருத்தத்தில் இல்லை. இடம் போதவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

தாளில் அரைப்பக்கம் காலியாக இருந்தது என்று ருக்மணி சொல்கிறாள். வாத்தியார் சொன்னதை அவளிடமும் நான் சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை அவள் நின்ற வாசலில் இருந்து கூடத்தைப் பார்க்கவும் முடியும், கேட்கவும் முடியும்.

டிசம்பர் 21, சனி

திருத்தத்தை லோகேஸ்வரனுக்கு அனுப்பியிருந்தேன். பதில் வந்தது, காலை 11 மணி. நியாயமான பதில்.

"நான் நாயைக் கேட்டதுக்கப்பறம் திருத்தம் போட்டீங்கன்னா எப்படிங்க நம்பறது? ஞாயித்துக்கெழமை, இருவத்தொம்பதாந்தேதி, நானே வந்து ஓடவிட்டுப் பாத்துக்கறேன். நல்லா ஓடுனா கூட்டிட்டுப் போயிர்றனுங்க."

கோப்பையை நான் எழுதினேன், நம்பினார். உண்மையை எழுதினேன், நம்பவில்லை. தொழிலில் இது புதிதல்ல.

ஐம்பது அடி, நூறு அடி ஓடினால் மணிக்கட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் ஜெசிந்தா சொல்லிவிட்டார். கூடாது என்று சொல்வார் என எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

படிப் பயிற்சி. நான்கு படி. சமையலறையில் கோழி ஈரல் வதங்கும் வாசனை. நான்கோடு சரி. நான் பயிற்சிக்கு உட்காரும்போதெல்லாம் ருக்மணிக்கு அடுப்பில் வேலை வந்துவிடுகிறது.

டிசம்பர் 29, ஞாயிறு

பள்ளி மைதானம், காலை 7.30. வெயில் ஏறியிருந்தது. லோகேஸ்வரன் வந்தார், முப்பது முப்பத்திரண்டு வயது, மரியாதையான ஆள். நண்பர் ஒருவர் பைக்கின் பின்னால் கயிறு கட்டி, நுனியில் வெள்ளைச் சாக்குத் துண்டு ஒன்றை முடிந்திருந்தார். ருக்மணி மைதானத்தின் ஓரத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். ஜிம்மி அவள் கைப்பையில். மச்சான் தனியாக நின்றார். எங்களோடு வந்தவரில்லை என்பதுபோல.

பைக் கிளம்பியது. சாக்குத் துண்டு துள்ளியது. கயிற்றை அவிழ்த்தேன்.

ஓடிவிடாதே என்று நினைத்தேன். அவன் ஓடினான்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இட்லி திருடும், குக்கருக்கு ஒளியும், ஜிம்மிக்கு மெத்தையை விட்டுக்கொடுக்கும் அந்த நாயின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையில் இல்லை. முதுகு வில்லாக மடங்கி நிமிர்ந்தது. சத்தமே இல்லை. மண் மட்டும் பின்னால் எழும்பியது. நான் கைதட்டியதாகவும், "ஓடுடா" என்று கத்தியதாகவும் மச்சான் சொல்கிறார். உறுதி செய்ய இயலவில்லை.

சாக்குத் துண்டை எட்டிப் பிடிக்க இரண்டு பாய்ச்சல்தான் இருந்தது. அவன் வேகத்தைக் குறைத்தான். தலையைத் தூக்கினான். அரை வட்டம் அடித்து, நிதானமாக நடந்து வந்து, ருக்மணியின் குடை நிழலில் படுத்துக்கொண்டான். பைக் தனியாகப் போனது.

லோகேஸ்வரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அய்யா, உங்க திருத்தம் சரிதானுங்க! தாராபுரத்துக்காரர் இதைப் பாத்தா என்னைய அடிப்பாரு. நீங்களே வெச்சுக்கங்க."

நாயைக் கொடுத்துவிட்டதாக அவர் கையெழுத்துப் போட டாக்டர் கொடுத்த தாள் என் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து நீட்டியிருந்தால் செய்தி அங்கேயே முடிந்திருக்கும்.

"தம்பி, திருத்தத்துல ஒரு விஷயத்தை விட்டுட்டேன்" என்றேன்.

வாத்தியார் சொன்னது அத்தனையும் சொன்னேன். வீட்டுக்குள் படுத்ததை, சோடாவை, பந்தயம் வெறும் சாக்காக இருந்ததை. பெயரையும் சொன்னேன்.

அவர் நம்பாமல் பார்த்தார். பிறகு நாயின் பக்கம் திரும்பி, மெதுவாக, "துரை" என்றார். குரல் அப்பா குரலாக இருக்க வேண்டும். அவன் எழுந்து அவரிடம் ஓடினான். சாக்குத் துண்டுக்கு ஓடியதைவிட வேகம். முகர்ந்து பார்த்தான். முழு எடையோடு சாய்ந்தான்.

லோகேஸ்வரன் நெடுநேரம் நகரவில்லை. நகர முடியாது, எனக்குத் தெரியும்.

"எங்கய்யன் நாய்க்குத்தான் நேரம் வெச்சிருந்தாருன்னு சண்டை போட்டிருக்கேனுங்க" என்றார். "தோத்த நாயின்னு எனக்குத் தெரியாதே." பிறகு, "ஒண்ணாந்தேதிக்குள்ள சொல்றனுங்க" என்றார். தாளில் கையெழுத்துப் போடவில்லை.

வாசலில் ருக்மணி குடையை மடக்கினாள்.

"நீங்க சொல்லலேன்னா அந்தப் பேரை நானே சொல்லியிருப்பேன்" என்றாள். "எனக்கும் அவனை விட மனசில்லதான். இருந்தாலும் சொல்லியிருப்பேன்."

டிசம்பர் 30, திங்கள்

புதிய தகவல் இல்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

புதிய தகவல் இல்லை. அவனுடைய கழுத்துப் பட்டையைத் துவைத்தேன். அழுக்காக இருந்தது. இவ்வின நாய்களுக்குக் கழுத்தைவிடத் தலை சிறியது, சாதாரணப் பட்டை கழன்றுவிடும், அகலப் பட்டைதான் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்தேன். குக்கர் பற்றியும் எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. கொண்டுபோகிறவருக்குப் பயன்படும்.

ருக்மணி அதைப் படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'மெத்தையை ஜிம்மியிடம் கேட்டு வாங்கித் தரவும்.'

ஜனவரி 1, புதன்

துரை இங்கேயே இருக்கிறான். உறுதியான தகவல். ஆதாரம்: லோகேஸ்வரன், தொலைபேசியில், காலை 7.40, தொடர்ந்து டாக்டர் ஜெசிந்தா, 7.55. இரண்டு ஆதாரங்கள்.

"கூட்டிட்டு வந்துர்றதுன்னுதான் அய்யா இருந்தேன்" என்றார் லோகேஸ்வரன். "வண்டிகூடச் சொல்லிட்டேன். எங்கம்மாதான் கேட்டாங்க. நீ காலையில போனா ராத்திரிதான் வர்றே. நானும் தங்கச்சி வூட்டுக்குப் போயிருவேன். அது பகல் பூரா யாரு மேலடா சாயும்னு கேட்டாங்க. வண்டியை வேண்டாம்னுட்டேனுங்க."

பேசியை ருக்மணியிடம் கொடுத்தேன். மற்றதை அவள் பேசினாள். அந்த நேரத்தில் எனக்கு வெளியில் கொஞ்சம் வேலை இருந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மழையில் நனைந்திருந்த செடி என்று பிறகு கவனித்தேன்.

மச்சான் மண்டிக் குழுவில் அறிவித்துவிட்டார்: 'ஒன்பது பந்தயத்திலும் தோற்ற ஒரே நாய் எங்கள் வீட்டில்.' இதையும் சாதனையாக்கிவிட்டார். எட்டுப் பேர் கைதட்டியிருக்கிறார்கள்.

பத்து மணிக்கு மாடிப் படியில் பிஸ்கட்டோடு உட்கார்ந்தேன். சமையலறையில் உடனே ஏதோ வறுபட ஆரம்பித்தது. இந்த முறை எழுந்துபோய்ப் பார்த்தேன். வாணலியில் ஒரே ஒரு துண்டு ஈரல். சமைப்பதற்கான அளவு இல்லை.

"ருக்மணி, இது என்ன?"

அவள் திரும்பவில்லை. "அவன் மேல ஏறக் கத்துக்கிட்டா, மேசையும் மேல ஏறிடும். நாலு வருஷம் அந்த மாடியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். போதுங்க."

ஈரலைத் துரை வாங்கிக்கொண்டான். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கால் மரத்துப்போயிருக்கவில்லை.

நிலுவையில் இருப்பவை இரண்டு. பொங்கியண்ணனின் மனைவி, மகனோடு, துரையைப் பார்க்க வருகிறார். பிப்ரவரி 9, ஞாயிறு, காலை பத்து மணி. சோடா வாங்கி வைக்க வேண்டும். மாடிப் படிகள்: ஏறியது நான்கு, மீதி பதினொன்று. பயிற்சி எப்போது தொடரும் என்று சமையலறை வட்டாரத்தில் கேட்டேன். சித்திரை வரட்டும் என்று பதில் வந்தது. சித்திரை வெயிலில் அந்த மாடி அறையில் மனிதன் உட்கார முடியாது.